ஹெபடைடிஸ் சி: ஆய்வகத்திலிருந்து மருந்து வரை

கேள்வி: மூலக்கூறு வைரஸியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அடிப்படை ஆய்வு நோயாளிக்கு மருந்தாகப் போய்ச் சேர்ந்ததற்கு உறுதியான எடுத்துக்காட்டு உண்டா?

மறுமொழி 1: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989-இல் அடையாளம் காணப்பட்ட பிறகும் அதை ஆய்வகச் செல்களில் சரிவர வளர்க்க முடியாததால் மருந்துகளைச் சோதிப்பது பெரும்பாடாக இருந்தது. 1999-இல் ஜெர்மனியில் பார்ட்டன்ஷ்லாகர் குழுவினர், வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வில் வைரஸ் துகளைக் கட்டும் கட்டமைப்பு மரபணுக்களை நீக்கி, அவ்விடத்தில் நியோமைசின் எதிர்ப்பு மரபணுவைப் பொருத்தி, கல்லீரல் புற்றுச் செல்களுக்குள் தானே பெருகும் ஆர்.என்.ஏ.வை, அதாவது ரெப்ளிகானை, உருவாக்கினார்கள். அந்த எதிர்ப்பு மரபணு இல்லாத செல்களைக் கொல்லும் ஜி418 மருந்தைச் சேர்த்தால், ரெப்ளிகான் பெருகும் செல்கள் மட்டுமே தட்டில் பிழைத்துத் திட்டுத்திட்டாக வளரும். எளிய தந்திரம்தான்!

மறுமொழி 2: ஹெபடைடிஸ் சி மருந்தான டக்ளடாஸ்விருக்கு வழிவகுத்த தேடல் ரெப்ளிகானில்தான் நடந்தது. அந்த மருந்தைச் சோஃபோஸ்புவிர் என்ற மற்றொரு வைரஸ் எதிர்ப்பு மருந்துடன் 12 வாரம் கொடுத்தால் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

மறுமொழி 3: ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை, ஆய்வுத் தலைப்பு தேடுபவர் அங்கே தொடங்கலாம்.