கூடுதலாகப் போடும் அந்த ஒரு மாத்திரை: வலிக்கா, மனசுக்கா?

தூக்கமில்லாதவள்: ஒன்பது வருட முதுகுவலி, டிரமடால் எடுக்கிறேன்; ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மாத்திரை. போன தடவை மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். முழுக்க மனச்சோர்வு, பதற்றம் பற்றிய கேள்விகள். ஓபியாய்டு மாத்திரையைத் தவறாக எடுப்பதற்கு மனநிலைதான் பெரிய காரணமாம். வலி தாங்காமல் ஒன்று கூடப் போட்டால் அது மனக்கோளாறா?

மருந்துப்பெட்டி: உங்கள் வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுப்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் சொன்னபடி எடுப்பதில்லை. அடிமையானவர்கள் பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் ஏன் கூடப் போடுகிறார்கள்? தூக்கம் வரட்டும் என்று, கோபம் அடங்கட்டும் என்று, நாளைக்கு வலி வந்துவிடுமோ என்ற பயத்தில். போதைக்காகப் போடுபவர்கள் குறைவு.

தூக்கமில்லாதவள்: அந்தப் பயமே வலி கொடுத்ததுதானே?

மருந்துப்பெட்டி: சரி, வலிதான் கொடுத்தது. வந்த பிறகு அது தன் போக்கில் வளர்கிறது. வலியையே நினைத்துக் கொண்டிருப்பது, பெரிதாக்கிப் பார்ப்பது, கையாலாகாத உணர்வு: இவற்றை அளக்க 1995லேயே 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் வந்துவிட்டது. மாத்திரை வலியோடு மனக்கலக்கத்தையும் அடக்குகிறது. அப்புறம் கலங்கினாலே கை டப்பாவுக்குப் போகும்.

குறுக்குச்சால்: ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். மருந்தின் வேகம் இறங்கும்போதும் பதற்றமும் உடல்வலியும் வரும். அதை நோயாளி பழைய வலி என்கிறார், மருத்துவர் மனசு என்கிறார்.

தூக்கமில்லாதவள்: அதைச் சொல்லுங்கள்! 'பெரிதுபடுத்துகிறாள்' என்று குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்த முறை உண்மையில் எத்தனை போட்டேன் என்று வாயைத் திறப்பேனா? மாத்திரையை நிறுத்திவிடுவார்களே. திடீரென நிறுத்துவது தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று 2019இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரித்தது.

மருந்துப்பெட்டி: அந்த எச்சரிக்கை நியாயம்தான். நிறுத்தாமலும் வழி இருக்கிறது. 2022இல் வந்த ஓர் ஆய்வில் 250 பேர்; அதில் ஒரு குழுவுக்கு மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) எட்டு வாரம். ஒன்பது மாதம் கழித்து அந்தக் குழுவில் 45 சதவீதம் பேர் தவறாக எடுப்பதை விட்டிருந்தார்கள். சாதாரண ஆதரவுப் பேச்சுக் குழுவில் 24 சதவீதம்தான்.

தூக்கமில்லாதவள்: மீதி 55 சதவீதம் பேரை யார் பார்ப்பது?

(ஒரு மணி நேரம் கழித்து) நேற்று ராத்திரி போட்ட இரண்டாவது மாத்திரையை யோசித்துப் பார்த்தேன். வலி பத்துக்கு நாலுதான் இருந்தது. தங்கை போனில் கத்தியிருந்தாள். இதை இங்கே சொல்வேன். அந்தத் தாளில் எழுத மாட்டேன்.