பழைய காரின் இரும்பா, புதுக் காரின் எயார்பேக்கா? திருகோணமலைக்காரர் கண்டதைச் சொல்லுங்கள்

சீனக்குடாக்காரன்

தம்பலகாமம் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. பெரியப்பாவின் ஏ-போட்டியை, அதுதான் பழைய ஒஸ்டின் ஏ40 காரை, டவுனில் தெரியாதவர் குறைவு. கறுப்பு நிறம். எதிரே வந்த சுசுக்கி வாகன் ஆர் கார் ஒரு மாட்டுக்காக வெட்டி எடுத்ததில் இரண்டும் வலப்பக்க மூலையோடு மூலை மோதின. நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன்.

வாகன் ஆரின் முன்பக்கம் கசங்கி, பொனட் கண்ணாடி வரை மடிந்து கிடந்தது. இரண்டு எயார்பேக்கும் வெளியே தொங்கின. உள்ளே இருந்த பொடியனும் மனைவியும் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரம் குந்தி, தண்ணீர் கேட்டார்கள். ஏ-போட்டிக்கோ பம்பர் வளைவு, ஒரு மட்காட், ஒரு லைட், அவ்வளவுதான். கூடின சனத்தில் ஒருவர் பம்பரைக் கையால் தட்டி, "பாத்தீங்களா, அந்தக் காலத்து இரும்பு!" என்று எல்லாருக்கும் காட்டினார். டொங் டொங் என்று கேட்டது. இன்னொருவர் போட்டோ எடுத்தார். அந்த நேரம் பெரியப்பா உள்ளே, நெஞ்சு ஸ்டியரிங்கில் அழுந்தியபடி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மூச்சு வரவில்லை. அந்தக் காரில் பெல்ட் என்ற சாமானே கிடையாது. காரைப் பார்த்த ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை.

விலா எலும்புகள் உடைந்து நெஞ்செலும்பிலும் வெடிப்பு. அவர் எழும்பி நடக்க முதலே கார் சுகமாகி ரோட்டுக்கு வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்களிடம் இப்போதும் "கார் கெட்டி எண்டபடியால் தப்பினன்" என்கிறார். வாய் திறந்து மறுத்துப் பேச மனம் வருவதில்லை. உங்களுக்கும் இப்படி ஏதும் உண்டா?

கிண்ணியா நானா

வாப்பாவின் மொறிஸ் மைனர். பாலம் வர முந்தின காலம், காரைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றித்தான் அக்கரைப்பட வேண்டும். இறங்கும் இடத்தில் வாப்பா ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுசாக வெட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம். முன் சில்லு மட்காட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டது. கார் மூக்கு குத்தி நின்றது, பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் கோழிக் கூடுகள் ஏற்றின இன்னொரு லொறி, எல்லாரும் வாப்பாவை ஏசினார்கள்.

மைனர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். முன் சில்லைத் தாங்குகிற கீழ்ப் பூட்டில் மரை இருக்கிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும். பெரும்பாலும் மெதுவாக ஓடும்போது, வெட்டித் திருப்பும்போதுதான் கழரும், அதனால் ஆள் தப்பும். எனக்கு இன்னும் உறுத்துவது, அன்று காலையில்தான் வாப்பா எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கந்தளாயிலிருந்து நல்ல வேகத்தில் வந்திருந்தார் என்பது.

பிரேக்கும் அப்படித்தான். மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே குழாய் வழி. எங்கேயாவது ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. இப்போதைய கார்களில் இரண்டு வழி பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒன்று போனால் மற்றது பிடிக்கும்.

ஸ்ரீ நம்பர் ரசிகன்

கிறீஸ் அடிக்காமல் ஓடிவிட்டுக் காரில் பழி போடுவது சரியில்லை நானா.

எங்களிடம் இருந்தது பீஜோ 504. ஹபரணையிலிருந்து வரும் வழியில், பொழுது பட்ட நேரம், காட்டுக்குள்ளிருந்து வந்த யானை பின்னால் ஒரு முட்டு முட்டியது. டிக்கி மூடி உள்ளே போனது. மாமா கியர் போட்டார், கார் போனது. வீட்டுக்கு வந்துதான் இறங்கிப் பார்த்தோம். இந்தக் காலத்துத் தகரப் பெட்டி என்றால் யானை அதை உருட்டி விளையாடியிருக்கும். இன்னொன்று, 2020 இல் இறக்குமதியை நிறுத்தினதில் இருந்து வாகன விலை எங்கே போய் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2025 இல் திறந்து விட்டும் என்ன பிரயோசனம்? இருக்கிற பழசைத் திட்டிப் பயமுறுத்தினால் சனம் எதில் போகிறது?

உவர்மலை வாத்தியார்

என் அனுபவம் சின்னது. ஜப்பானில் இருந்து வந்த கார் ஒன்றை வாங்கப் போனேன். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் எஸ்.ஆர்.எஸ். என்கிற எயார்பேக் லைட் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லை. ஸ்டியரிங் நடுவில் இருந்த மூடியை விரலால் அமுக்கினேன், ஓரத்தில் பசை தெரிந்தது. முன்பு வெடித்த எயார்பேக்கை எடுத்துவிட்டு மூடியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். விற்க வந்தவர் அப்படியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி யானைக் கதை சொன்ன தம்பிக்கு. 504 ஐப் பழைய கார் கணக்கில் சேர்க்காதீர்கள். அது 1968 இல் வந்தது, முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக். ஏ-போட்டி அதற்கு இருபது வருசம் மூத்தது. கார் நசுங்குவதும் ஆள் நசுங்குவதும் ஒன்றல்ல. மோதும் வேகம் எங்கேயாவது செலவாக வேண்டும். முன்பக்கம் மடிந்து கொடுத்தால் அங்கே செலவாகும், மடியாவிட்டால் உங்கள் விலாவில் செலவாகும். அமெரிக்காவில் வாகன இன்சூரன்ஸ்காரர் நடத்தும் ஆய்வு நிறுவனம் 2009 இல் ஒரு 1959 செவ்ரோலே பெல் எயாரையும் 2009 மலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் மூலையோடு மூலை மோதவிட்டது, சீனக்குடாத் தம்பி கண்ட அதே மோதல். வீடியோ பார்க்கலாம். பெல் எயாரில் ஆள் இருக்கும் கூடே மடிந்து ஸ்டியரிங் பொம்மையின் மேல் வந்துவிட்டது. மலிபுவில் பொம்மைக்குக் காலில் காயம். அதே 1959 இல்தான் வொல்வோ மூன்று முனை பெல்ட்டைப் போட்டுக் கார் விற்றது, மெர்சிடிஸ் மடிந்து கொடுக்கும் முன்பக்கத்தோடு கார் விட்டது. மற்றவர்கள் அதைப் பின்பற்ற எத்தனை வருசம் எடுத்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். ஜப்பானில் காரை ஏலம் விட்டபோது கொடுத்த சீட்டில் ஆர் என்று தரம் போட்டிருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். சேசிஸ் நம்பரைக் கம்பெனித் தளத்தில் போட்டு, டகாட்டா கம்பெனி செய்த எயார்பேக்கை மாற்றும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் இருக்கிற அமோனியம் நைத்திரேற்று வெக்கையிலும் ஈரத்திலும் வருசக் கணக்கில் கிடந்தால் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டைச் சேர்த்து எறியும். வெக்கையும் ஈரமும் எங்கள் ஊரில் பஞ்சமா? பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களையும் காண்கிறேன். எயார்பேக் வெடித்தால் பிள்ளைதான் நடுவில். 

நிலாவெளிப் பக்கம்

வாத்தியார் ஐயா, கதையை விட உபதேசம் நீளம்.

இரவு, சாம்பல்தீவுப் பக்கம், ரோட்டில் மாட்டுக் கூட்டம் படுத்திருந்தது. நண்பனின் டொயோட்டா ஆக்குவாவில் இருந்தோம். அவன் பிரேக்கை அழுத்தின அழுத்தில் பெடல் படபடவென்று காலை உதைத்தது, ஆனால் கார் இழுபடாமல் திருப்பின பக்கம் திரும்பிற்று. ஒரு மாட்டின் வால் பக்கக் கண்ணாடியில் பட்டது. அப்பாவின் பழைய லான்சரில் இதே அழுத்து அழுத்தியிருந்தால் சில்லு பூட்டி நேரே மாட்டுக்குள்தான். ஆனால் சில்லு பூட்டாமல் பார்க்கிற இந்த ஏ.பி.எஸ். இருக்கிறது என்று கடற்கரைப் பக்கம் மணல் ஏறின ரோட்டில் பறக்காதீர்கள். மணலில் அது நிற்க எடுக்கும் தூரம் கூடும்.

கிண்ணியா நானா

அந்த பெல் எயாருக்கு எஞ்சினைக் கழற்றிவிட்டு மோதினார்கள் என்று ஆரும் இங்கே தொடங்க முதல் சொல்லி வைக்கிறேன். எஞ்சின் இருந்தது, ஆறு சிலிண்டர்.

அதற்காகப் புதுசெல்லாம் பாதுகாப்பு என்று நினைக்கவும் வேண்டாம் வாத்தியார். 2014 இல் இந்தியாவில் விற்ற எயார்பேக் இல்லாத ஆல்டோ 800 ஐ குளோபல் என்கெப் என்கிற சோதனை அமைப்பு மோதவிட்டுப் பார்த்துப் பெரியவர் பாதுகாப்புக்குப் பூச்சியம் நட்சத்திரம் கொடுத்தது. வருசத்தைப் பார்க்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சீனக்குடாத் தம்பி, பெரியப்பாவின் காருக்குப் பெல்ட் போடலாம். ஆனால் டிங்கர் பாஸ் சும்மா தகரத்தில் ஓட்டை போட்டு ஆணி முறுக்க விடாதீங்க, இழுபட்டால் தகரத்தோடு கழன்று வரும். பின்னால் தடித்த இரும்புத் தட்டு வைத்து, முடிந்த இடத்தில் சேசிஸோடு சேர்த்துப் பூட்டச் சொல்லுங்க. இடுப்புக்கு மட்டும் போதாது, தோளுக்கும் வரவேணும். அந்த ஸ்டியரிங் தண்டு மடியாது, ஒரே நேர்க்கம்பி.

சீனக்குடாக்காரன்

நன்றி நானா. நேற்றுப் பெரியப்பாவிடம் கேட்டேன். கதவுத் தூணில் ஓட்டை போட்டால் ஒரிஜினல் கெட்டுவிடும், விலை போகாது என்கிறார். விற்கப் போகிறீங்களா பெரியப்பா என்றேன். "ஆரடா விக்கிறது?" என்று கோபம். பெரியம்மாவிடம் விசயத்தை விட்டிருக்கிறேன், அவர் இனி அந்தக் காரில் பெல்ட் இல்லாமல் ஏறமாட்டேன் என்று நிற்கிறார்.