ஒஹாக்காவுக்கு ஹூஸ்டன் வழியாகப் போகலாமா? அம்மாவும் கூட வருகிறார்

கிளிநொச்சிக்காரி
தம்பிக்கு மெக்சிக்கோவில், ஒஹாக்காவில் திருமணம். நானும் அம்மாவும் ரொறன்ரோவிலிருந்து போக வேண்டும். மெக்சிக்கோ சிற்றி வழியாகப் போவதைவிட அமெரிக்காவின் ஹூஸ்டனில் விமானம் மாறும் டிக்கெட் நன்றாக மலிவு. நான் கனடியக் குடியுரிமை பெற்றவள். அம்மாவிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் கனடாவின் நிரந்தர வதிவிட அட்டையும் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் எல்லோரும் "அமெரிக்கா பக்கமே போகாதே" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எது உண்மை?

பனங்காய்
சொந்தக்காரர்கள் சொல்வது சரி. சிங்கப்பூரிலோ டுபாயிலோ ஒரு வாசலால் இறங்கி மறு வாசலால் ஏறுவதுபோல அமெரிக்காவில் முடியாது. அங்கே விமானம் மாறுகிறவரும் நாட்டுக்குள் நுழைகிறவர்தான். 2003 ஆகஸ்ட் வரை விசா இல்லாமல் மாறிப் போகும் ஏற்பாடு ஒன்று இருந்தது. பாதுகாப்புக் காரணம் சொல்லி அதை நிறுத்தினார்கள், பிறகு திறக்கவே இல்லை. ஆகவே அம்மா ஹூஸ்டனில் இரண்டு மணி நேரம் இருப்பதற்கும் அமெரிக்க விசா வேண்டும். அதற்குக் கட்டணம், நேர்காணல், காத்திருப்பு. நீங்கள் பார்த்த மலிவு அங்கேயே போய்விடும். மெக்சிக்கோவுக்கோ அம்மாவின் வதிவிட அட்டையே போதும், தனி விசா கேட்க மாட்டார்கள்.

வடக்குவாசல்
விசாவைப் பற்றிப் பனங்காய் சொன்னது சரி. ஆனால் "பக்கமே போகாதே" என்பது வீண் பயம். பியர்சன் விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் ரொறன்ரோவிலேயே உங்களைச் சோதித்துவிடுகிறார்கள். 1952 முதல் இருக்கிற ஏற்பாடு. அங்கே மறுத்தால் கனடா மண்ணிலேயே நிற்பீர்கள், டாக்ஸி பிடித்து வீடு திரும்பலாம். ஹூஸ்டனில் இறங்கும்போது உள்ளூர்ப் பயணிபோல அடுத்த விமானத்துக்கு நடந்து போகலாம். தொலைபேசியைப் பறித்துப் பார்ப்பார்கள் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். 2024 நிதியாண்டில் அப்படிச் சோதித்த கருவிகள் ஏறத்தாழ 47,000. அந்த ஆண்டில் எல்லை கடந்தவர்கள் 40 கோடிக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பனங்காய்
போகும்போது சரி அண்ணா, திரும்பும்போது? ஒஹாக்காவில் அமெரிக்க அதிகாரி கிடையாது. முழுச் சோதனையும் ஹூஸ்டனில்தான். போன வருடம் என் மாமியோடு இன்னொரு அமெரிக்க நகரத்தில் இதைப் பட்டேன். முதலில் குடிவரவு வரிசை. பிறகு பெல்ட்டில் பொதி வரும்வரை காத்திருக்க வேண்டும். பொதியை எடுத்துச் சுங்கம் தாண்டி, அந்தப் பக்கம் இன்னொரு பெல்ட்டில் திரும்பப் போட வேண்டும். அதற்குப் பிறகு மறுபடியும் பாதுகாப்புச் சோதனை. மாமிக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி தள்ளியவர் பொதி பெல்ட்டடியில் எங்களை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூட்டிவரப் போய்விட்டார். அடுத்த விமானம் போய்விட்டது. அன்றிரவு கதிரையில்தான் மாமி படுத்தார்.

இன்னொன்று. பியர்சனில் அமெரிக்க அதிகாரிகள் சோதிக்கிற முன்னனுமதி இடத்தில் "வேண்டாம், நான் போகவில்லை" என்று திரும்புவதும் முன்புபோல எளிதில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஏன் திரும்புகிறீர்கள் என்று அதிகாரி கேட்டால் உண்மையான பதில் சொல்லியாக வேண்டும்.

மிசிசாகா மாணவன்
நான் இந்தியப் பாஸ்போர்ட்காரன், கனடாவில் படிக்கிறேன். ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும்: எல்லோரும் அமெரிக்காவை மட்டும் திட்டுகிறீர்கள். என் பெற்றோர் சென்னையிலிருந்து வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் டொராண்டோவில் விமானம் மாறுவதாக இருந்தால் கனடாவும் விசா கேட்கிறது. நம்மைப் போன்ற பாஸ்போர்ட்டுக்கு இரண்டு அண்டை நாடுகளும் ஒன்றுதான்.

நயாகரா
எனக்கு விசா, வரிசை எதுவும் பிரச்சினை இல்லை, நான் இங்கே பிறந்தவன். இருந்தும் போக மாட்டேன். ட்ரம்ப் கனடாப் பொருள்களுக்கு வரியும் போட்டு, கனடாவை அமெரிக்காவின் 51-ஆவது மாநிலம் என்றும் சொன்ன பிறகு என் காசு அங்கே போகக்கூடாது. 2025 ஏப்ரலில் காரில் அமெரிக்கா போய்த் திரும்பிய கனடியர் தொகை முந்தைய ஏப்ரலைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நான் தனி ஆள் இல்லை.

மாஹெர் அராரையும் மறக்கவில்லை. 2002 செப்டெம்பரில் துனிசிலிருந்து சூரிச், நியூயோர்க் வழியாக மொன்றியலுக்கு வீடு திரும்பிய கனடியக் குடிமகன். நியூயோர்க்கில் விமானம் மாறத்தான் இறங்கினார். பிடித்து, சிரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஏறத்தாழ ஒரு வருடம் சிறை, சித்திரவதை.

வடக்குவாசல்
அராரின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நீதிபதி ஓ'கானரின் விசாரணைக் குழு 2006-இல் என்ன சொன்னது? கனடியப் பொலிசார் கொடுத்த தவறான தகவலை நம்பித்தான் அமெரிக்கா அப்படிச் செய்திருக்கக்கூடும் என்றது. 2007-இல் கனடா மன்னிப்புக் கேட்டு 1 கோடியே 5 லட்சம் டொலர் கொடுத்தது. தவறு நம் வீட்டிலும் இருந்தது. வேறு வழியால் பறந்தால் உங்கள் பெயர் அமெரிக்க அதிகாரிகளிடம் போகாது என்றும் நினைக்காதீர்கள். மெக்சிக்கோவுக்கு நேரே பறந்தாலும் அமெரிக்க வானத்தைக் கடந்துதான் போக வேண்டும். 2011-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அந்த விமானங்களின் பயணிகள் விவரமும் அவர்களுக்குப் போகிறது.

நயாகரா
பெயர் போவதும் ஆள் போவதும் ஒன்றா? வானத்தில் இருக்கிறவரைத் தனி அறைக்குள் கூப்பிட முடியாது.

கிளிநொச்சிக்காரி
அரசியலை விடுங்கள். விசா விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். பயங்கரவாத அமைப்புக்கு எப்போதாவது பணமோ வேறு உதவியோ கொடுத்தீர்களா என்று ஒரு கேள்வி. அமெரிக்கா 1997-இல் புலிகளைத் தடை செய்தது. அம்மா 2009 வரை வன்னியில் இருந்தவர். அங்கே கடை வைத்திருந்தவர்கள் புலிகளுக்கு வரி கட்டாமல் இருக்க முடியுமா? "ஆம்" என்றால் என்ன ஆகும், "இல்லை" என்றால் பொய்யாகிவிடாதா? இரவு முழுவதும் அம்மா இதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

வடக்குவாசல்
தங்கச்சி, இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன். கட்டாயத்தில் கொடுத்ததையும் அமெரிக்கச் சட்டம் உதவியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். விலக்குக் கேட்கலாம், ஆனால் அது வழக்கறிஞர் வைத்துச் செய்கிற வேலை. விமானம் மாறுவதற்காக அதைத் தொடங்க வேண்டாம். பொய்யும் எழுத வேண்டாம், அது பிறகு எங்கே போனாலும் துரத்தும். ஆனால் என் கருத்து மாறவில்லை: கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், நேரம் இருந்தால், ஹூஸ்டன் வழியாகத் தாராளமாகப் போகலாம்.

பனங்காய்
அவர்கள் கேட்டது அம்மாவோடு போவதைப் பற்றி அண்ணா.

கிளிநொச்சிக்காரி
மெக்சிக்கோ சிற்றி வழியாகவே பதிவு செய்கிறேன். அங்கேயும் பொதியை எடுத்துத் திரும்பப் போட வேண்டுமா?

பனங்காய்
ஆம், போகும்போது குடிவரவும் சுங்கமும் அங்கேதான், பொதியையும் எடுக்க வேண்டும். ஒஹாக்கா விமானத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள், முதல் விமானம் பிந்தினால் அடுத்ததை அவர்களே மாற்றித் தருவார்கள். சக்கர நாற்காலியை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அம்மாவின் வதிவிட அட்டை எப்போது காலாவதியாகிறது என்றும் பாருங்கள். அது இல்லாமல் திரும்பி வரும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.