முதல் மரவேலை: மணையா, அறுப்புப் பலகையா?

சேலத்து மாறன்:
வணக்கம். மரவேலை பழக ரொம்ப நாள் ஆசை. கையில் இருப்பவை ஒரு கைரம்பம், சுத்தியல், மூலைமட்டம், டிரில், உப்புத்தாள். இழைப்புளி இல்லை. வாடகை வீடு, மொட்டை மாடியில்தான் வேலை செய்ய இடம். முதலில் ஒரு சுவர் அலமாரி செய்யலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா?

பரணி:
தம்பி, அலமாரி இப்போது வேண்டாம். மணை செய்யுங்கள். பலகை ஒன்று, அடியில் குறுக்குக் கட்டை இரண்டு, மொத்தம் மூன்றே துண்டு. பலகை 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், ஓர் அங்குல கனம். கட்டை ஒவ்வொன்றும் 9 அங்குல நீளம், ஒன்றரை அங்குல உயரம். அலமாரியில் ஒரு வெட்டு கோணினால் அதோடு சேரும் எல்லாமே கோணும். மணையில் கட்டையின் நீளம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் உட்காருகிறவருக்குத் தெரியாது. உயரம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் ஆடும். ஞாயிறு காலையில் தொடங்கினால் மறுநாள் சாப்பாட்டுக்கு அதில் உட்காரலாம்.

ஆலமரத்தடி:
பரணி அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. மணை நல்ல பொருள், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: அறுப்புப் பலகை. பெஞ்ச் ஹூக் என்பார்கள். ஏழு அங்குல அகலம், பத்து அங்குல நீளத்தில் ஒரு பலகை. ஒரு முனையில் மேல்பக்கம் ஒரு கட்டை, மறுமுனையில் கீழ்ப்பக்கம் ஒரு கட்டை, அவ்வளவுதான். கீழ்க்கட்டை மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்கட்டையில் மரத்தை முட்டுக்கொடுத்து இடது கையால் அழுத்திக்கொண்டு அறுக்கலாம். புதியவர்களின் வெட்டு கோணுவதற்குக் கையைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் மரம் அசைவதால்தான் ரம்பம் கோட்டை விட்டு ஓடுகிறது. அந்த அசைவை நிறுத்தாமல் மணைக்குப் போனால் ஆறு வெட்டும் ஆறு விதமாக வரும்.

பரணி:
மேசை எங்கே இருக்கிறது அவரிடம்? நம் ஊர் ஆசாரிமார்கள் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை மிதித்துப் பிடித்தே கதவும் கட்டிலும் செய்தார்கள். மேசை விளிம்பை நம்பும் கருவி மொட்டை மாடியில் என்ன செய்யும்?

ஆலமரத்தடி:
அவர்கள் சிறு வயதிலிருந்தே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்கள். எங்கே கால் வைக்க வேண்டும், ரம்பம் எங்கே இறங்கும் என்று அந்தக் காலுக்கே தெரியும். நேற்று ரம்பம் வாங்கியவரிடம் காலைக் கொடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேசையும் தேவையில்லை, மாடிப்படியின் விளிம்பு போதும். நான் இரண்டு வருடம் படியில் மாட்டித்தான் அறுத்தேன்.

கயல்விழி:
பரணி அண்ணா, மணை சுலபம் என்று சொல்லிவிட்டு முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் முதலில் செய்ததும் மணைதான். மா பலகை. கட்டைகளை முழு நீளத்துக்கும் மரப்பசை தடவி, ஆணியும் அடித்து இறுக்கினேன். ஐப்பசியில் செய்தது, சித்திரையில் ஒரு நாள் இரவு டப்பென்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பலகையின் நடுவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெடிப்பு, ஐம்பது காசை நிற்கவைக்கும் அகலம். அழுகையே வந்துவிட்டது.

மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி அகலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய மாறாது. மணையின் பலகை ஒரு திசையிலும் கட்டை அதற்குக் குறுக்காகவும் ஓடுகின்றன. பலகை சுருங்கப் பார்க்கிறது, கட்டை விடமாட்டேன் என்கிறது, கடைசியில் பலகைதான் கிழிகிறது.

பரணி:
கயல்விழி சொன்னது முழுக்க உண்மை, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் அதற்காகவே மணை முதலில் வர வேண்டும் என்கிறேன். மரம் மூச்சு விடும் என்பதை இவ்வளவு மலிவாக வேறு எந்தப் பொருளும் கற்றுத்தராது. அறுப்புப் பலகை உடைந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள், இன்னொன்று செய்துவிடுவார்கள்.

வழி இதுதான். பசை வேண்டாம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியிலிருந்து மூன்று ஸ்க்ரூ. தலை அரை அங்குலம் உள்ளே புதையும்படி முதலில் பெரிய துளை, அப்புறம் ஸ்க்ரூ போகும் துளை. நடுத்துளை ஸ்க்ரூவின் கனத்துக்குச் சரியாக இருக்கட்டும். ஓரத்து இரண்டையும் கட்டையின் நீளவாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போட்டு நீள்துளையாக்கி, வாஷர் வைத்து ஒன்றரை அங்குல ஸ்க்ரூ போடுங்கள். பலகை உப்பும்போதும் சுருங்கும்போதும் ஸ்க்ரூ அந்த நீள்துளையில் நகரும்.

ஆலமரத்தடி:
நீள்துளை நல்ல வழி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நேராக அறுக்காதவர் நேராகத் துளை போடுவாரா? ஒரு மணி நேரம்தான் கேட்கிறேன். மாறன், அதற்கும் முன்னால் உங்கள் மூலைமட்டத்தைச் சோதியுங்கள். பலகையின் நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால் உங்கள் பிழை எதுவும் இல்லை, மட்டத்தை மாற்றுங்கள். நான் கோணல் மட்டத்தோடு ஆறு மாதம் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

சேலத்து மாறன்:
அனைவருக்கும் நன்றி. மட்டத்தைச் சோதித்தேன், கோடுகள் ஒன்றாகவே விழுந்தன. சனிக்கிழமை படியில் மாட்ட அறுப்புப் பலகை, ஞாயிறு மணை என்று வைத்துக்கொள்கிறேன். மரவாடியில் மா பலகை ஒன்று இழைத்தே தருகிறார்கள். கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பரணி:
சனிக்கிழமையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள், பரவாயில்லை. பலகையின் முனையைப் பாருங்கள், ஆண்டு வளையங்கள் வில்லாகத் தெரியும். அவை நிமிர்ந்த கிண்ணம் போல இருக்கும்படி, அதாவது மரத்தின் மையப் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். காயும்போது ஓரங்கள் கீழே வளையப் பார்க்கும், அங்கே கட்டை தாங்கிக்கொள்ளும்.

கயல்விழி:
தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயாது, தூசி ஒட்டும், நாளானால் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். மெல்லத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மாடிக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.