ஜன்னல் வேண்டாம் மாப்பிள்ளை, கூரை வழியாக விடு

குழு: காந்தளூர் வீட்டுச் சொந்தங்கள்

சனி, காலை 7:10

பிரபு: எல்லோருக்கும் வணக்கம். அப்பத்தாவுக்காகச் சொல்லியிருந்த இரும்பு விறகு அடுப்பு நேற்று ராத்திரி ஜீப்பில் வந்து இறங்கிவிட்டது. முன்னால் கண்ணாடிக் கதவு, நல்ல கனம். நாலு பேர் பிடித்துத்தான் உள்ளே வைத்தோம். மார்கழி பிறப்பதற்குள் பற்ற வைத்துவிட வேண்டும். இப்போதே விடியற்காலையில் கை விறைக்கிறது.

பிரபு: [படம்]

அம்மா: கட்டிலை அதற்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று அப்பத்தா இப்போதே கேட்கிறார்கள்.

பிரபு: புகைக்குழாயை ஜன்னல் வழியாக விடலாம் என்று இருக்கிறேன். ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகரம் அடித்து ஓட்டை போட்டால் முடிந்தது. கூரையைத் தொட்டால் மழைக்கு ஒழுகும். அந்தக் காலத்தில் புகையில்லா அடுப்புக்கு வைத்த சிமென்ட் குழாய் இரண்டு கொல்லையில் சும்மா கிடக்கிறது, அதையே மாட்டிவிடலாம்.

தங்கராசு மாமா: மாப்பிள்ளை, அந்தக் குழாயும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம். நான் விவரமாக எழுதுகிறேன். அதுவரை பற்ற வைத்துவிடாதே.

மறையூர் சித்தப்பா: மாமா சொன்னால் கேட்டுக்கொள் பிரபு. டீ பாக்டரியில் டிரையர் அடுப்பும் புகைபோக்கியும் அவர் கையில்தான் இருந்தன.

தங்கராசு மாமா: முதலில் அந்தச் சிமென்ட் குழாய். அது ஆஸ்பெஸ்டாஸ். எண்பதுகளில் அரசாங்கம் புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தபோது வீட்டுக்கு வீடு வைத்தது. சமையல் அடுப்பின் மெல்லிய புகைக்கே அது விரிசல் விடும். உன்னுடையது கதவு மூடி எரிக்கிற இரும்பு அடுப்பு. அந்தச் சூட்டில் படார் என்று பிளந்துவிடும். உடைத்தாலும் அறுத்தாலும் அதில் இருந்து பறக்கிற நார் நுரையீரலில் போய்த் தங்கிவிடும், வெளியே வராது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஓரமாக வை. குழந்தையை அந்தப் பக்கம் விடாதே.

தங்கராசு மாமா: அளவும் பொருந்தாது. அதன் வாய் 3 அங்குலம் இருக்கும். படத்தில் உன் அடுப்பின் மேல்வாய் 6 அங்குலம் போலத் தெரிகிறது. பாதி அகலம் என்றால் வழி பாதி அல்ல, கால்வாசி. அடுப்பு வாய் என்ன அளவோ அதே அளவுக் குழாய் உச்சி வரை போக வேண்டும். நடுவில் எங்கேயும் குறுக்கக் கூடாது.

பிரபு: அளந்துவிட்டேன் மாமா, 6 அங்குலம்தான். சரி, அந்தக் குழாய் வேண்டாம். ஜன்னல் ஏன் கூடாது? புகை வெளியே போனால் போதுமே.

தங்கராசு மாமா: புகை தானாக வெளியே போகாது. குழாய்க்குள் இருக்கிற சூடான காற்று வெளிக்காற்றைவிட இலேசு, அதனால் மேலே ஏறும். ஏறும்போது கீழே அடுப்பில் இருந்து புகையை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு இருந்தால்தான் அடுப்பு. குழாய் உயரமாக, நேராக, சூடாக இருந்தால் இழுப்பு இருக்கும். ஜன்னல் வழியாகப் படுக்க வைத்தால் மூன்றும் போய்விடும். அப்புறம் ஆடிக்காற்று அந்தப் பக்கம் திரும்பி அடித்தால், போன புகை அத்தனையும் அப்பத்தா கட்டிலுக்கே வரும்.

மறையூர் சித்தப்பா: நம் சர்க்கரை ஆலைக் கொட்டகையில் பார்த்திருக்கிறாயே. கொப்பரைக்கு அடியில் காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளத் தள்ளத் தீ உள்ளே ஓடும், வெளியே எட்டிப் பார்க்காது. புகைபோக்கியில் கரி அடைத்த அன்றைக்குப் பார், சக்கை தள்ளுகிற ஆள் கண்ணைத் திறக்க முடியாது.

அம்மா: நாங்கள் எல்லாம் விறகு அடுப்பில்தானே ஆக்கினோம். குழாயா வைத்தோம்?

செல்வி அக்கா: அம்மா, அப்போது ஓட்டுக்கூரை. புகை இடுக்கு வழியாகப் போய்விடும், அடுக்களைக் கதவும் திறந்தே கிடக்கும். இப்போது ஷீட் போட்டு, அடியில் பலகை மச்சு அடித்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு, குளிருக்குத் துணி வேறு அடைத்து வைத்திருக்கிறீர்கள். புகை போக வழியே இல்லை. அந்தக் காலத்துப் புகையும் சும்மா விடவில்லை. அப்பத்தாவின் இருமல் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

செல்வி அக்கா: பிரபு, நான் நர்ஸாகச் சொல்கிறேன், கவனமாகப் படி. கண் எரிகிற புகை வந்தால் எழுந்து வெளியே ஓடிவிடுவோம். எனக்குப் பயம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தீ அடங்கித் தணலாகக் கிடக்கும்போதுதான், எல்லோரும் தூங்கும் நேரத்தில் அது அதிகம் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அப்புறம் ஒரு அசதி. தூக்கம் வருகிறது என்றுதான் நினைப்போம். அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று குளிர்காலத்தில் மலை ஊர்களில் இருந்து செய்தி வருகிறதே, அது இதனால்தான்.

கவிதா: கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் மீட்டர் வீட்டில் இருக்கிறது அண்ணி. அதில் தெரியுமா?

செல்வி அக்கா: தெரியாது கவிதா. இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறதா, அந்த வாயு ஒட்டியிருக்கிறதா என்று சாதாரண விரல் மீட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடந்தாலும் 98 காட்டும். அதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று தனியாக பேட்டரியில் ஓடுவது ஆன்லைனில் கிடைக்கிறது. அப்பத்தா படுக்கும் அறையில் ஒன்று மாட்டுங்கள். நானே இன்றைக்கு ஆர்டர் போடுகிறேன். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரை தேடாதீர்கள். அப்பத்தாவையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள்.

பிரபு: சரி அக்கா. மாமா, கூரை வழியாகவே போகலாம். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

காலை 9:40

தங்கராசு மாமா: உன் வீட்டில் எனக்குக் கவலை அந்தப் பலகை மச்சுதான். அடுப்பில் இருந்து மச்சுக்குக் கீழே வரை ஒற்றைக் குழாய் போகலாம், அது அறைக்கும் சூடு கொடுக்கும். ஆனால் அந்தக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். ஒற்றைக் குழாயை மச்சுக்குள் நுழைக்கவே கூடாது. மரம் அன்றைக்கே எரியாது. தினமும் சூடுபட்டுச் சூடுபட்டு உள்ளே கருகிக்கொண்டே வரும். வரவர லேசான சூட்டுக்கே பிடித்துக்கொள்ளும். மச்சுக்கு மேலே இருட்டில் நடப்பது யாருக்குத் தெரியும்?

தங்கராசு மாமா: அதனால் மச்சுக்குச் சற்றுக் கீழே இருந்து உச்சி வரை இரட்டைக் குழாய். உள்ளே 6 அங்குலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளியே இன்னொன்று, நடுவில் ராக்வூல் என்கிற சூடு தாங்கும் பஞ்சு. கம்பெனி இரட்டைக் குழாய் என்றால் சுற்றிலும் 2 அங்குலம் விட்டால் போதும் என்று அதன் தாளிலேயே போட்டிருப்பான். நாம் பட்டறையில் செய்யப் போகிறோம், அந்தக் கணக்கு நமக்குச் செல்லாது. மச்சில் இரண்டடிக்கு இரண்டடி பலகையை எடுத்துவிடு, அந்த இடத்தைத் தகரத்தால் மூடலாம். மேலே கைமரமோ ரீப்பரோ பக்கத்தில் வந்தால் அதையும் வெட்டி ஒதுக்க வேண்டும்.

மறையூர் சித்தப்பா: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் மலிவாகக் கிடைக்குமே?

தங்கராசு மாமா: வேண்டாம் சம்பந்தி. அந்தத் துத்தநாகப் பூச்சு சூடேறினால் புகையும், அந்தப் புகை மூச்சுக்குக் கெடுதி. கீழே கருப்பு இரும்பு, மேலே ஸ்டெயின்லெஸ்.

தங்கராசு மாமா: குழாய் சேர்க்கும் விதம் ஒன்று இருக்கிறது, பட்டறைக்காரர்கள் பாதிப் பேர் தலைகீழாக மாட்டுவார்கள். மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்கு உள்ளே இறங்க வேண்டும். புகை கசிந்துவிடும் என்று நினைத்து வெளியே போடுவார்கள். இழுப்பு சரியாக இருந்தால் புகை கசியாது, உள்ளே வடிகிற கரித்தார்தான் கசியும். மேல் முனை உள்ளே இருந்தால் அது குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். வெளியே இருந்தால் சுவரெல்லாம் கறுப்பாக ஒழுகும், நாற்றமும் போகாது. ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணி.

கவிதா: அடுப்பைச் சுவரில் இருந்து எவ்வளவு தள்ளி வைப்பது மாமா? பாப்பா தவழ்கிறாள். மழைக்காலத்தில் துணி காயப் போடவும் அந்த அறையில்தான் கொடி கட்டியிருக்கிறோம்.

தங்கராசு மாமா: மரமோ துணியோ எதுவும் மூன்றடிக்குள் வரக் கூடாதம்மா. கட்டிலும் அப்படித்தான், போர்வை நுனி சரிந்து விழும். கொடியை இன்றைக்கே அவிழ்த்துவிடு. ஈரத்துணி காய்ந்து இலேசானதும் ஒரு காற்றுக்கு நழுவி அடுப்பு மேலேயே விழும். பாப்பாவுக்குச் சுற்றிலும் இரும்பு வலைத் தடுப்பு, தரையோடு முடுக்கி வைக்க வேண்டும். அந்தக் கண்ணாடிக் கதவில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டுவிடும்.

பிற்பகல் 1:15

பிரபு: அளவு எடுத்துவிட்டேன். அடுப்பு உயரம் 2½ அடி. மச்சு 8½ அடி. குழாய் கூரையைத் துளைக்கிற இடம் தரையில் இருந்து 12½ அடி. முகடு 14 அடி, குழாயில் இருந்து நாலடி தள்ளி இருக்கிறது.

தங்கராசு மாமா: நல்லது, முகட்டுக்குப் பக்கத்திலேயே வருகிறது. துளைக்கிற இடத்தில் இருந்து குறைந்தது 3 அடி, பத்தடிக்குள் இருக்கிற எதைவிடவும் 2 அடி உயரம் வேண்டும். முகடு 14 என்றால் உச்சி 16க்குக் குறையக் கூடாது. ஆனால் அடுப்புக்கு மேலே மொத்தம் 15 அடியாவது இருந்தால்தான் இழுப்பு நன்றாக இருக்கும், காந்தளூர் மலை உயரத்தில் காற்றும் அடர்த்தி குறைவு. 18 அடியில் நிறுத்து. அடுப்பு மேல்வாயில் இருந்து 15½ அடி. ஒற்றைக் குழாய் 4½ அடி, இரட்டைக் குழாய் 11 அடி. கூரைக்கு மேலே 5½ அடி நிற்கும், மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிவிடலாம். எல்போ வளைவு ஒன்றுகூட வேண்டாம்.

தங்கராசு மாமா: படத்தில் ஒரு பிளம்ஸ் கிளை கூரை மேல் படர்ந்திருக்கிறதே. அதை வெட்டிவிடு.

பிரபு: ஒழுகாமல் இருக்க?

தங்கராசு மாமா: குழாயைச் சுற்றி ஒரு தகரப் பாவாடை. அதன் மேல் விளிம்பு மேல் ஷீட்டுக்கு அடியில் போக வேண்டும், கீழ் விளிம்பு கீழ் ஷீட்டுக்கு மேலே உட்கார வேண்டும். தண்ணீர் இறங்குகிற வழியிலேயே எல்லாம் இருந்தால் ஒழுகாது. பசை மட்டும் அப்பி விட்டுப் போகிறவன் வேலை அடுத்த மழைக்கு நிற்காது. உச்சியில் தொப்பி, தொப்பியைச் சுற்றித் தீப்பொறி பறக்காமல் கம்பி வலை. வலையில் கரி அடைக்கும், அடிக்கடி ஏறிப் பார்க்க வேண்டும்.

மறையூர் சித்தப்பா: விறகு? அங்கே கிராண்டிஸ் யூகலிப்டஸ் மரம்தான் கிடக்கிறது.

தங்கராசு மாமா: கிராண்டிஸ் எரிக்கலாம், பச்சையாக வேண்டாம். புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். சூடெல்லாம் அதைக் காய வைக்கவே போய்விடும். புகை குளிர்ந்து குழாய்ச் சுவரில் தாராகப் படியும். அந்தத் தாரில் ஒருநாள் தீப்பிடித்தால் குழாய்க்குள்ளேயே 1000 டிகிரிக்கு மேல் ஏறும், ரயில் ஓடுகிற சத்தம் கேட்கும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஆறு மாதமாவது அடுக்கி வை, ஒரு வருஷம் என்றால் இன்னும் நல்லது. இரண்டு கட்டையைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் பச்சை. பெயின்ட் அடித்த பலகை, பால் பாக்கெட் உள்ளே போகவே கூடாது.

அம்மா: ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கட்டும் என்று காற்றை அடைத்து வைக்கலாமா தம்பி? விடியும் வரை சூடு இருக்குமே.

தங்கராசு மாமா: கூடாது அக்கா. மூச்சு முட்ட எரிகிற தீதான் தாரும் விடும், செல்வி சொன்ன வாயுவும் விடும். கட்டை குறைவாகப் போட்டு நன்றாகக் கொழுந்துவிட்டு எரிய விடுங்கள். தணல் இருக்கும் வரை குழாயை அடைக்கிற தட்டைச் சாத்தவே கூடாது. விடியற்காலையில் குழாய் ஜில்லென்று இருக்கும், உடனே பற்ற வைத்தால் புகை உள்ளே திரும்பும். ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி மேல்வாய்ப் பக்கம் காட்டிக் குழாய் சூடேறிய பிறகு சுள்ளி வையுங்கள். அடுக்களை எக்ஸாஸ்ட் ஃபேன் அப்போது ஓடக் கூடாது, அதுவும் புகையை உள்ளே இழுக்கும். ஒரு ஜன்னல் விரல் அளவாவது திறந்திருக்கட்டும்.

செல்வி அக்கா: குழாய்க்குள் தீப்பிடித்தால் என்ன செய்வது, அதையும் சொல்லிவிடுங்கள் மாமா.

தங்கராசு மாமா: அடுப்புக் கதவையும் காற்று வழியையும் மூடிவிட்டு எல்லோரும் வெளியே. 101க்கு போன். தண்ணீர் ஊற்றாதே, ஆவியில் குழாய் வெடிக்கும். ஆனால் அதுவரை போக விடக் கூடாது. முதல் வருஷம் மாதம் ஒருமுறை உள்ளே டார்ச் அடித்துப் பார். கரி 3 மில்லிமீட்டர் படிந்திருந்தால் கயிற்றில் கம்பி பிரஷ்ஷும் கனமும் கட்டி மேலே இருந்து விட்டு இழு. படிந்திருக்கிறதோ இல்லையோ, வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம்.

மாலை 6:30

பிரபு: கொடியை அவிழ்த்தாயிற்று, பிளம்ஸ் கிளையையும் வெட்டியாயிற்று. உடுமலைப் பட்டறைக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன் மாமா, நீங்கள் சொன்ன அளவையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை தருகிறார்களாம்.

தங்கராசு மாமா: நான் பட்டறையில் பார்த்து, மூட்டு சரியாக இருந்தால்தான் வண்டியில் ஏற்றுவேன். ஞாயிறு காலை அங்கே இருப்பேன். மச்சுப் பலகையை எடுக்கத் தச்சரைச் சொல்லி வை.

அம்மா: அதுவரை அப்பத்தாவுக்கு?

செல்வி அக்கா: இரண்டு கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும். கரிச்சட்டி மட்டும் வைக்காதீர்கள் அம்மா, கதவைத் திறந்து வைத்திருந்தாலும் வேண்டாம்.

அம்மா: சரி. வைக்க மாட்டேன்.