கார்னிஸ் மூலையில் சேரவில்லை, ஒட்டியது காலையில் விழுந்துவிட்டது – யாராவது சொல்லுங்களேன்

மொட்டைமாடி
வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, அதுதான் கடைசி மாடி. படுக்கையறை 12க்கு 10. சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் கார்னிஸ் (அலங்காரப் பட்டை) வைக்க ரொம்ப நாள் ஆசை. பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஆட்கள் ஒரே ஓர் அறைக்கு வர யோசிக்கிறார்கள். வந்தாலும் வீடு முழுக்க மாவு பறக்கும். அதனால் ரெடிமேட் பி.யூ. (பாலியூரித்தேன்) கார்னிஸ் வாங்கிவிட்டேன். 4 அங்குலம், ஒன்று 8 அடி, மொத்தம் 7. வீடியோவில் பார்த்தபோது அரை மணி நேர வேலையாகத் தெரிந்தது.

மைட்டர் பாக்ஸில் (ரம்பத்தைக் கோணம் மாறாமல் ஓட்ட உதவும் பெட்டி) வைத்து 45 டிகிரிதான் வெட்டினேன். மூலையில் சேர்த்துப் பிடித்தால் கோபித்துக்கொண்ட மாமியார் மருமகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கின்றன. இரண்டு நீளம் இப்படியே பாழ். நீளச் சுவரில் ஒட்டிய ஒரே துண்டும் விடிந்து பார்த்தால் கட்டில் மேல் கிடந்தது. அன்று ஹாலில் படுத்திருந்தோம், பிழைத்தோம். அதைக் கையால் அழுத்திப் பிடித்தபோதே நடுவில் சீலிங்குக்கும் துண்டுக்கும் 2 நூல் (கால் அங்குலம்) இடைவெளி இருந்தது, ஓரங்களில் இல்லை. கடைக்காரர் கொடுத்த பசை சரியில்லையா?

ரசமட்டம்
தம்பி, பசையைத் திட்டுவதற்கு முன்னால் விழுந்த துண்டின் முதுகைப் பாருங்கள். பசை சுவரில் இருக்கிறதா, துண்டில் இருக்கிறதா? துண்டில் இருந்தால் அதன் மேல் என்ன ஒட்டியிருக்கிறது?

மொட்டைமாடி
தம்பி இல்லை அண்ணா, தங்கை. பசை முழுக்கத் துண்டில்தான் இருக்கிறது. அதன் மேல் வெள்ளையாகப் பொடி, நடுநடுவே அப்பளம் மாதிரி பெயின்ட் பொருக்கு. சுவரில் அதே அளவுக்குப் பள்ளம்.

ரசமட்டம்
மன்னிக்கணும் தங்கச்சி. அப்படியானால் பசை தன் வேலையைச் செய்துவிட்டது, சுவர்தான் கைவிட்டது. நீங்கள் ஒட்டியது சுவரில் இல்லை, சுவர் மேல் இருந்த பெயின்ட்டில். அந்தப் பெயின்ட் அடியில் இருக்கும் பட்டியை (சுவரைச் சமமாக்கப் பூசும் வெள்ளைப் பூச்சு) பிடிக்கவில்லை.

உப்புத்தாள்
பெயின்டர் வீட்டுப் பிள்ளை என்பதால் இதை மட்டும் சொல்கிறேன். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் எந்தப் பசையும் நிற்காது. துண்டின் கீழ்விளிம்பு எங்கே வரும் என்று சுவரில் சாக்பீஸ் நூல் அடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும் பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். எது உதிர்கிறதோ அது உதிரட்டும். மிச்சம் இருப்பதில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, காய்ந்ததும் ஒரு கோட் பிரைமர். பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பசை. அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் மறுபடியும் கட்டில் மேல்தான்.

அப்புறம் பசை பிடிக்கும்வரை யார் தாங்குவது? துண்டுக்கு அடியில் 2 அடிக்கு ஒரு சின்ன ஸ்டீல் ஆணி அரைகுறையாக அடித்து வையுங்கள், துண்டு அதன் மேல் உட்காரும். மறுநாள் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் பட்டி வைத்துவிடலாம்.

கோணமாணி
மூலை விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் செய்யும் தப்புதான் இது. நானும் மூன்று நீளத்தைத் தின்றேன். மைட்டர் பாக்ஸில் துண்டைத் தலைகீழாக வைக்க வேண்டும். பெட்டியின் அடிப்பலகைதான் சீலிங், நிற்கும் பலகைதான் சுவர். பென்சிலால் பெட்டியிலேயே ‘சீலிங்’, ‘சுவர்’ என்று எழுதுங்கள். துண்டின் முதுகில் இரண்டு விளிம்பிலும் அதையே எழுதுங்கள். எழுத்தோடு எழுத்து சேர்ந்தால்தான் ரம்பத்தை எடுக்கலாம்.

சரியாக வெட்டினோமா என்று பார்க்க ஒரே அடையாளம்: அறையின் உள்மூலைக்குச் சுவர் விளிம்பு நீளமாகவும் சீலிங் விளிம்பு குட்டையாகவும் இருக்கும். உங்களுடையது நேர் எதிராக இருக்கும் பாருங்கள். அதாவது நீங்கள் வெளிமூலைக்கு வெட்டியிருக்கிறீர்கள்! அறையில் தூண் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா?

மொட்டைமாடி
ஐயோ, ஆமாம். பீரோ மூலையில் ஒரு தூண் அரையடிக்கு வெளியே நிற்கிறது. அதை எப்படிச் சுற்றுவது என்றே யோசிக்கவில்லை.

கோணமாணி
அப்படியானால் பாழ் என்று சொன்ன இரண்டில் ஒவ்வொரு முனை அங்கே வேலைக்கு ஆகும். சுற்றளவு 44 அடி, 6 நீளம் போதும். 12 அடிச் சுவருக்கு 8ம் 4ம், 10 அடிச் சுவருக்கு 8ம் 2ம். குட்டைத் துண்டுகளை அந்த இரண்டிலிருந்தே எடுங்கள், புதிதாக வாங்க வேண்டாம். இன்னொன்று, நம் ஊர்க் கட்டடத்தில் எந்த மூலையும் முழுசாக 90 இல்லை. ஓர் அடி கழிவுத் துண்டு இரண்டை வெட்டி மூலையில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பெரியதைத் தொடுங்கள்.

ரசமட்டம்
கடைசி மாடி என்றீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை. சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில் முடி மாதிரி விரிசல் படுக்கையாக ஓடுகிறதா? வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும், சுவர் அவ்வளவு அசையாது. அந்தச் சண்டை கார்னிஸ் மேல்தான் விழும். அதனால் என் பழக்கம், கடைசி மாடியில் சுவர் விளிம்புக்கு மட்டும் பசை, சீலிங் பக்கம் அக்ரிலிக் சீலண்ட். அது இழுபடும். உங்கள் 2 நூல் இடைவெளியும் அதிலேயே அடைந்துவிடும். சிலிகான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. விரிசலோடு பழுப்புக் கறையும் இருந்தால் முதலில் மொட்டை மாடி ஒழுகலைப் பாருங்கள்.

உப்புத்தாள்
இதில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணா. இரண்டு விளிம்பிலும் பசை போடச் சொல்லித்தான் கார்னிஸ் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். ஒரு விளிம்பில் தொங்கவிட்டால் நாளைக்குத் துண்டு வளையாதா?

ரசமட்டம்
பி.ஓ.பி. என்றால் நீங்கள் சொல்வது சரி, கனம் தாங்காது. இது கையில் எடுத்தால் காகிதம். கீழ்த் தளத்தில் நானும் இரண்டு பக்கமும்தான் போடுவேன்.

மொட்டைமாடி
ஒரு வாரம் கழித்து வருகிறேன். விரிசல் இருந்தது, கறை இல்லை. சுரண்டியதில் ஒரு வாளி பொருக்கு. ரசமட்டம் அண்ணா சொன்னபடி சுவர் பக்கம் மட்டும் பசை வைத்தேன், ஆணிகளைப் பிடுங்கி மூன்று நாளாகிறது, நிற்கிறது. தூணைச் சுற்றியது நன்றாக வந்துவிட்டது, வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன். கதவுக்கு மேல் மூலையில் மட்டும் ஒரு நூல் திறந்திருக்கிறது. சீலண்ட்டை ஈரவிரலால் இழுத்து மூடினேன். காய்ந்ததும் கொஞ்சம் உள்வாங்குகிறது, இன்னொரு கை வைத்துவிட்டுத்தான் பெயின்ட்.