கடல் அமிலமாகுதாம், மெய்யே? கடலட்டைப் பண்ணை போடலாமோ?

அளம்பில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு விசயம் கேக்கோணும் சிரிக்காதேங்கோ. தம்பி இந்தமுறை ஏஎல் சோதினை எடுக்கிறான், போன கிழமை ரியூசன் முடிஞ்சு வந்து கடல் அமிலமாகிக்கொண்டு வருதாம் சிப்பி சங்கின்ட ஓடெல்லாம் கரையுமாம் எண்டு சொல்ல, அப்பா வலை பொத்திக்கொண்டு இருந்தவர் நிமிர்ந்தும் பாக்காமல் "நாப்பது வருசமா வாய்க்குள்ள உப்புத்தண்ணி போகுது, ஒருநாளும் புளிக்கேல்லையே" எண்டிட்டார். அதோட கதை முடிஞ்சுது வீட்டில. ஆனா எனக்கு முடியேல்ல, ஏனெண்டா மச்சான் பூநகரிப் பக்கம் அட்டைப் பண்ணை போடுறார், என்னையும் பங்குக்குக் கேக்கிறார், லோன் எடுக்கோணும். அவருக்குத் தெரிஞ்ச ஒராளின்ட அட்டைக் குஞ்சு போன மாரியில பாதி செத்துப்போச்சு. கொழும்புக் கடலில எரிஞ்ச கப்பலின்ட அசிட்தான் காரணமெண்டு வட்ஸப்பில ஒரு வொய்ஸ் வேற சுத்துது. விசயம் தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

கிளி வாத்தி:
அப்பாவை நான் பிழை சொல்லமாட்டன், கடல் புளிக்காது, எங்கட காலத்திலயும் புளிக்காது. கடல்தண்ணி இப்பவும் காரப் பக்கம்தான் நிக்குது. பீஎச், அதுதான் அமிலம் காரம் அளக்கிற கணக்கு, இறங்கினா அமிலப் பக்கம், முந்தி 8.2 அளவில இருந்தது இப்ப 8.1, அவ்வளவுதான். ஆனா அந்தக் கணக்கு பத்துப் பத்தாப் பெருகிற கணக்கு எண்டபடியால் 0.1 இறங்கினாலே அமிலத்தன்மையைக் குடுக்கிற ஐதரசன் அயன் கால்வாசிக்கு மேல கூடிப்போகும். தம்பியிட்ட கேளுங்கோ, மடக்கை படிச்சிருப்பான். வெயில் தாழுது எண்டா இருட்டிப்போச்செண்டு இல்லைத்தானே, அதுமாதிரித்தான் "அமிலமாகுது" எண்டுறதும்.

காரணம் நாங்கள் எரிக்கிற எண்ணெய், நிலக்கரி. அதில வாற காபனீரொட்சைட்டில கால்பங்கு அளவு கடல்தான் உறிஞ்சுது. தண்ணியோட சேர்ந்து காபோனிக் அமிலம், எங்கட சோடாப் போத்திலுக்குள்ள இருக்கிற அதே சாமான். சிப்பி, முருகைக்கல், சங்கு எல்லாம் ஓடு கட்டுறதுக்குத் தண்ணியில காபனேற்று அயன் தேவை. கூடின ஐதரசன் போய் அதைப் பிடிச்சு இருகாபனேற்று ஆக்கிப்போடும். வீட்டுத்திட்டத்துக்கு அத்திவாரம் வெட்டிப்போட்டு சீமெந்து கிடைக்காமல் எத்தினை பேர் நிண்டனாங்கள், சிப்பியின்ட நிலமையும் அதுதான். கட்டலாம், ஆனா கூடப் பாடுபடோணும், அந்தப் பாட்டில வளர்த்தி குறையும்.

கப்பல் கதையை விடுங்கோ. 2021இல எரிஞ்ச எக்ஸ்பிரஸ் பேர்ளில 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது உண்மை, ஆனா ஒரு கடலின்ட பீஎச்சை மாத்த அது எந்த மூலைக்கு? அந்தக் கப்பல் பிளாஸ்ரிக் குருணி கொட்டிச் செய்த அநியாயம் வேற.

அப்பாவுக்கு ஒண்டு செய்து காட்டுங்கோ. தேசிக்காய்ப் புளிக்குள்ள ஒரு மட்டிக்கோதைப் போடச் சொல்லுங்கோ, குமிழ் வரும். கடலில இப்பிடிப் பொரிஞ்சுகொண்டு கரையிறேல்ல, அதையும் சொல்லிப்போடுங்கோ, இல்லாட்டி இன்னொரு வட்ஸப் வொய்ஸ் வந்திடும்.

கரைவலை:
உதெல்லாம் நூறு வருசத்துக்குப் பிறகு வாற கதை அண்ணை. இரவில ரோலர், அதுதான் இழுவைப்படகு, வந்து அடிமண்ணோட அரிச்சுக்கொண்டு போறான், லைற் பிடிச்சும் டைனமைற் போட்டும் எங்கட ஆக்களே அழிக்கிறாங்கள், மண்ணெண்ணெய் விலை எங்க நிக்குது. முதல் அதைக் கதையுங்கோ. அமிலம் வரட்டும், வரேக்க மீன் இருந்தாத்தானே கரையிறதுக்கு.

ஒஸ்லோக் குளிர்:
கரைவலை சொல்லுறதில நியாயம் இருக்கு, ஆனா நூறு வருசம் எண்டதுதான் பிழை. அமெரிக்காவில ஒரேகன் கரையில 2007 அளவில சிப்பிக் குஞ்சு பொரிக்கிற இடங்களில குஞ்சுகள் கோடிக்கணக்கில செத்துது. முதல் கிருமி எண்டு நினைச்சு அதுக்கு மருந்து வழி பாத்தவை, சரிவரேல்ல. பிறகுதான் தெரிஞ்சுது, காத்தடிக்க ஆழத்துத் தண்ணி மேல வருது, அதில காபனீரொட்சைட்டு கூட, பிறந்து முதல் ரெண்டு நாளில கட்டவேண்டிய ஓட்டைக் குஞ்சால கட்டேலாமல் போகுது. இப்ப தண்ணி உள்ள எடுக்கேக்க அளந்து, சோடியம் காபனேற்று, அதுதான் சலவைச் சோடா, அதைக் கலந்து சமாளிக்கினம். பெரிய சிப்பிக்கு ஒண்டும் நடக்கேல்ல பாருங்கோ, அடி விழுறது முழுக்கக் குஞ்சுக்குத்தான்.

நண்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. 2009இல ஆய்வுகூடத்தில பாக்கேக்க அமெரிக்க நீலநண்டும் இறாலும் காபனீரொட்சைட்டு கூடின தண்ணியில ஓட்டை இன்னும் தடிப்பாக் கட்டிச்சுதாம். பிறகு பசுபிக் கரையில வேற ஒரு நண்டின்ட குஞ்சுகளின்ட ஓடு அரிபட்டுக் கிடந்ததையும் கண்டவை. அதால எல்லாம் அழியும் எண்டும் சொல்லேலாது, ஒண்டும் நடக்காது எண்டும் சொல்லேலாது. எனக்குப் பயம் கடலுக்கடியில இருக்கிற முருகைக்கல் பாருக்குத்தான், அது சூட்டில வெளிறி ஏற்கனவே அரை உயிர். அந்தப் பார் போனா பார்மீனுக்கு வீடில்லை, அதை நம்பித் தூண்டில் போடுறவனுக்கும் உலையில்லை.

அளம்பில்காரன்:
நன்றி அண்ணைமார். அப்ப அட்டை? அதுக்கு ஓடே இல்லையே. சுண்ணாம்பு கொட்டினாச் சரிவராதோ, இறால் பண்ணையளில கொட்டுறவை.

கிளி வாத்தி:
ஓடில்லை, ஆனா தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுண்ணாம்பு முள்ளுகள் இருக்கு, நட்சத்திர மீன்ட சாதிதானே. இன்னொரு புதினமும் இருக்கு, அவுஸ்திரேலியப் பாறைப்பக்கம் அட்டை மண்ணை விழுங்கிக் கழிக்கேக்க அதிலுள்ள சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியின்ட காரத்தன்மை கூடுது எண்டு கண்டிருக்கினம். அதுக்காக உங்கட ரெண்டு ஏக்கர் கடலைத் திருத்தும் எண்டு நினைக்காதேங்கோ.

சுண்ணாம்பு குளத்துக்குச் சரி, கம்படைச்ச திறந்த கடலுக்குப் போட்டால் அடுத்த பெருக்கோட போயிடும். அதோட கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கேக்கயே காபனீரொட்சைட்டு வருது, யோசியுங்கோ.

மாரியில செத்தது எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். மாரியில குளங்கள் வான்பாய்ஞ்சு அவ்வளவு வெள்ளமும் களப்புக்கும் கரைக்கும்தான் வருது, உப்புக் குறைஞ்சா அட்டைக் குஞ்சு தாங்காது. நான் முதல் சந்தேகப்படுறது அதை. லோனுக்குக் கையெழுத்து வைக்க முதல் அந்த இடத்துத் தண்ணியின்ட உப்பை ஒரு மாரியும் ஒரு கோடையும் அளந்து பாருங்கோ, மச்சான் கோவிச்சாலும் பரவாயில்லை. சாதாளை, அதுதான் கடல்புல்லு, நல்லா முளைச்ச இடமா எண்டும் பாருங்கோ, பகலில அது காபனீரொட்சைட்டை இழுக்க பீஎச் ஏறும், இரவில திருப்பி இறங்கும். களப்புப் பக்கத்தில ஒரு நாளுக்குள்ள வாற ஏற்ற இறக்கம் இந்த 0.1ஐ விடக் கூடவாயும் இருக்கும்.

கரைவலை:
இது பிரயோசனமான கதை. ரோலரையும் மறக்காதேங்கோ.

அளம்பில்காரன்:
தேசிக்காய் செய்து பாத்தம். குமிழ் வந்தது, அப்பா கனநேரம் கோப்பையையே பாத்துக்கொண்டு இருந்திட்டு, தான் சின்னனில வெத்திலைக்குச் சிப்பி சுட்ட சுண்ணாம்பு வாங்கப் போன கதை சொன்னார், அமிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. மச்சானிட்ட ஒரு வருசம் பொறுக்கச் சொல்லியிருக்கிறன், முகம் சரியில்லை. தம்பி பள்ளிக்கூடத்தில பீஎச் காகிதம் கேக்கிறன் எண்டுறான், காணுமோ?

கிளி வாத்தி:
காகிதத்தில 0.1 தெரியாது, மீற்றர் வேணும். உப்பு அளக்கிற கருவியை முதல் பிடியுங்கோ. அளக்கிறதெண்டா விடியக்காலமை வெளிக்கிட முதல் ஒருக்கா, பின்னேரம் மூண்டு மணிக்கு ஒருக்கா, ஒரே இடத்தில, கொப்பியில திகதி போட்டு எழுதி இதுக்குள்ளயே போடுங்கோ பாப்பம்.